நிழலுக்கு ஒரே விலை

வாங்க தம்பி, வாங்க. வண்டி சூடாயிருச்சுங்களா? பானெட்டைத் திறந்து விட்டுட்டு இப்படி வந்து உக்காருங்க. அங்க இல்லீங்க, இங்க, டயரை ஒட்டி. இந்த நேரத்துக்கு ட்ரெய்லர் நிழல் இவ்வளவுதான் விழும். காலைல அந்தப் பக்கம் உக்காருவேன். உச்சி வெயிலுக்கு அடியில பூந்து படுத்துக்குவேன். மத்தியானத்துக்கு மேல இந்தப் பக்கம். உள்ளாரயா? உள்ளார இப்பப் போக முடியாதுங்க. கதவுக் கொண்டியைத் தொட்டீங்கன்னா கைத்தோல் உரிஞ்சு வந்துரும்.

மேல இருக்கறது சோலார்தான். அண்ணாந்து பாக்காதீங்க, கண்ணு கூசும். நானே போட்டது. விலையைக் கேட்டா நம்ப மாட்டீங்க. ஈரோட்டுல ஒருத்தன் சொன்ன விலைல பாதி கூட ஆகலை. நீங்க இந்தப் பக்கத்து ஆளா இருந்தாலும் சங்ககிரிப் பக்கம் எப்பவாச்சும் வந்தீங்கன்னா அர்த்தநாரின்னு கேட்டுப் பாருங்க. லாரிப் பட்டறை இருக்கற எடத்துல எல்லாம் தெரியும். நல்லவிதமாச் சொல்லுவாங்கன்னு நான் சொல்லலை. தெரியும், அவ்வளவுதான்.

பழைய லாரி சாமான் வாங்கி விக்கற கடைங்க நமக்கு. பள்ளிக்கூடம் எல்லாம் ஒழுங்காப் போகலை. கிளீனராப் போயி, ஓடிக் களைச்சு, லாரிக்கு அடியில சாக்கு விரிச்சுத் தூங்கி வந்த ஆளு. மொத மொதல்ல சொந்தக் காசு போட்டு ஒரு கியர் பாக்ஸ் வாங்கினேன். நெம்ப நல்ல சாமான்னு சத்தியம் பண்ணிக் குடுத்தான். வீட்டுக்குக் கொண்டாந்து திறந்து பாத்தா உள்ளார பல்லே இல்லை. அன்னிக்கு முடிவு பண்ணினேன், இனி எவன் சொல்றதையும் அப்படியே எடுத்துக்கறதில்லைன்னு. விலையா இருந்தாலுஞ் சரி, ரோசனையா இருந்தாலுஞ் சரி. பாதியா அறுத்துத்தான் எடுத்துக்குவேன். இன்னி வரைக்கும் அப்படித்தான். ஒருத்தன் ஏமாத்தினதில்லை.

அதா, ரோட்டுக்கு அக்கட்டால பாருங்க. புளியமரம். அதுக்கு அடியில ஒரு அம்மா நுங்கு வெட்டிட்டு இருக்கா, தெரியுதுங்களா? அது ராக்கம்மா, இந்த ஊரு, மரத்துக்குப் பின்னாடிதான் வீடு. அவளுக்குப் பக்கத்துல பச்சைச் சீலை கட்டிட்டு ஒரு பொம்பளை, நுங்கை ஓலைல மடிச்சுக் குடுக்கறாளே, அது என்ற சம்சாரம். பூவாத்தா.

சிரிக்காதீங்க. ஒரு வாரமா அங்கதான் இருக்கா. ஒரு வாரமா நான் இங்க இருக்கேன். நடுவுல இந்த ரோடு இருக்கு.

கோவம் வருது தம்பி. யாருக்கு வராது? அவளுக்காகத்தான் இந்த வண்டியே. கல்யாணம் ஆன புதுசுல கடல் பாக்கணும்னா. சரி, பாக்கலாம்னேன். சொல்லி முப்பது வருசத்துக்கு மேல ஆயிப் போச்சு. கடையை விட்டுட்டு எங்க போறது? இந்த வருசந்தான் கடையை மச்சினன் கைல குடுத்துட்டு, வா புள்ள, ராமேஸ்வரம் என்ன, கன்னியாகுமரி என்ன, ஊர் ஊராப் போயிப் பாக்கலாம், லாட்ஜுக்காரனுக்கு ஒத்தப் பைசா குடுக்காம நம்ம வீட்டுலயே படுத்துக்கலாம்னு சொன்னேன். பஸ்ஸுல போயிட்டு வந்துரலாமேன்னா. பஸ்ஸுல எவன் வேணாலும் போவான்!

ரோடு போடற காண்ட்ராக்ட்காரங்க, சைட்டுல எஞ்சினியரு தங்கறதுக்கு வெச்சிருந்த ட்ரெய்லருங்க இது. பழைய இரும்புக்கு வந்துச்சு. உடைக்க மனசு வரலை. தகரத்தைத் தட்டி, பெயிண்ட் அடிச்சு, கட்டில் போட்டு, ஜீப்புல கோத்துட்டேன். கரண்டுக்கு என்ன பண்றது? அதுக்குத்தான் ஈரோட்டுக்குப் போனேன், சோலார் கடைக்கு.

கடைக்காரப் பையன் உக்கார வெச்சு மொதல்ல என்ன கேட்டான் தெரியுங்களா? "ஐயா, வண்டில என்னென்ன ஓட்டப் போறீங்க? எவ்வளவு நேரம்?"ங்கறான். மொதல்ல விலையைச் சொல்லுன்னேன். "என்ன ஓட்டறீங்கன்னு தெரிஞ்சாத்தானுங்க ஐயா எவ்வளவு பேனல், என்ன பேட்டரின்னு சொல்ல முடியும். வீட்டுல அம்மாவையும் ஒரு தடவை கூட்டியாங்க, அவங்களுக்கு என்ன வேணும்னு கேட்டுக்கலாம்." அவளுக்கு என்னடா தெரியும், சோலாரைப் பத்தி? இப்படிப் பேசியே பில்லை ஏத்தற ஆளுகளை நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!

அவன் விடலை. "மரத்தடில நிறுத்துவீங்களா ஐயா?" நிறுத்தினா? "அப்பப் பேனலை வண்டி மேல வெல்டு வெச்சுப் பத்த வெக்காதீங்க. தனியா ஸ்டாண்டுல வெச்சு, நீளமா வயர் போட்டுக்குங்க. வண்டி நிழல்ல நிக்கும், பேனல் வெயில்ல நிக்கும். நல்ல தடிமனான செம்பு வயரா இருக்கணும்." அங்கதான் பிடிச்சேன் பாருங்க அவனை. செம்பு என்ன விலை விக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? பேனல்ல குறைச்சு வயர்ல அடிக்கறான்! போடா போன்னு இறங்கி வந்துட்டேன். பழைய பேனல் ஒரு பஞ்சு மில்லுல கழட்டிப் போட்டது கிடைச்சுது, ஒண்ணுல மட்டும் குறுக்கால ஒரு கீறல். வெல்டிங் நம்ம பட்டறையிலயே ஆச்சு. கூரை மேல வெச்சு ஒரே பத்து. கடப்பாரையைப் போட்டு நெம்பினாலும் வராது. வயர் பாருங்க, இந்தா, முழங்கை நீளம்.

பேட்டரியும் அப்படித்தான். சோலாருக்குன்னு ஒரு பேட்டரி இருக்குதுன்னான். லாரி பேட்டரி ஒரே உதையா உதைச்சு எஞ்சினைக் கிளப்பறதுக்குச் செஞ்சதாம். நிதானமா ராத்திரி பூரா குடுக்கறதுக்கு வேற பேட்டரியாம். லாரி பேட்டரியைப் பத்தி எனக்கே சொல்றான்! வீட்டுக்கு வந்து பூவாத்தா கிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அவ சிரிக்கலை. "அந்தப் பையன் சொல்றது சரிதானுங்க. உதைக்கறது மட்டும் தெரிஞ்சது எப்படி ராத்திரி பூரா நிதானமா இருக்கும்? உங்களைப் பாத்தாத் தெரியலையா?"ன்னா. பாருங்க, என்ன வாய்!

நம்ம கடைல இருந்தே ஒரு லாரி பேட்டரியைத் தூக்கி வெச்சேன். அது ஓடுச்சுங்க. மூணு ராத்திரி ஓடுச்சு.

மதுரை தாண்டி, மானாமதுரை தாண்டி, இந்தப் பொட்டல்ல வந்து நின்னோம். சித்திரை வெயில். நல்ல எடமா இருக்குது, சுத்தி ஒரு மறைப்பு இல்லை, கருவேல முள்ளுதான், அதுவும் இடுப்பு உயரம். பேனலுக்குன்னே செஞ்ச எடம்னு நினைச்சு ஓரங்கட்டினேன். இவ இறங்கி நின்னு நெத்தி மேல கையை வெச்சுப் பாத்தா.

"ஏனுங்க, அங்க அவ்வளவு பெரிய மரம் இருக்குது. அங்க நிறுத்துங்க."

"நிழல்ல நின்னா கரண்டு எப்படிப் புள்ள வரும்?"

"கரண்டு எதுக்குங்க?"

"ஃபேனுக்கு!"

"நிழல்ல நின்னா ஃபேன் எதுக்குங்க?"

கேட்டீங்களா பேச்சை? குதர்க்கம். சுத்தக் குதர்க்கம். இத்தனை அலைஞ்சு, இத்தனை பேரு கிட்டப் பேசி, விலையைக் குறைச்சு, மேல ஏத்திப் பத்த வெச்சது மரத்தடில கொண்டு போயி நிறுத்தறதுக்குங்களா? வாயை மூடிட்டு உள்ள போயி ஃபேனுக்கு முன்னாடி உக்காரு, காத்து எப்படி வருது பாருன்னு கத்தினேன். கொஞ்சம் சத்தமாத்தான் கத்தினேன். ரோட்டுல போனவன் நின்னு பாத்தான். அவ உள்ள போனா, உக்காந்தா. சீலைத் தலைப்பு பூராவும் நனைஞ்சு போச்சு. ஃபேன் என்னமோ நல்லாத்தான் ஓடுச்சு. அடுப்புக்கு முன்னாடி நின்னு ஊதின மாதிரி இருக்குதுன்னா. இருட்டினாலும் தகரம் ஆற மாட்டேங்குதுன்னா. ரெண்டு நாள் இதே பாட்டு.

மூணாம் நாளு பையை எடுத்துட்டு இறங்கிட்டா.

சண்டை போடலீங்க. அதான் எனக்கு ஆத்திரம். சண்டை போட்டாப் பதில் பேசலாம். "நிழல்ல நிறுத்தினாச் சொல்லுங்க, ஏறிக்கறேன்"னா. ஒரே வார்த்தை. ரோட்டைத் தாண்டி நடந்தா. திரும்பிப் பாக்கலை.

இதை எங்க கத்துக்கிட்டான்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என்ற கடைலதான் கத்துக்கிட்டா. கல்லாவுல உக்காந்து பாத்துட்டே இருப்பா. நானே சொல்லிக் குடுத்திருக்கேன்: ஒரு விலை சொல்லு, கடையை விட்டு இறங்கி நட, திரும்பி மட்டும் பாத்துராதே. தெருவைத் தாண்டறதுக்குள்ள அவன் கூப்பிடுவான். மொதத் தடவை கூப்பிட்டாலும் திரும்பாதே, ரெண்டாவது தடவை கூப்பிடறப்பத்தான் நெசமான விலை வரும். இத்தனை வருசப் பொழப்புல இது பொய்யானதே இல்லை தம்பி. எல்லாரும் கூப்பிட்டிருக்காங்க. எல்லாரும்.

நான் கூப்பிட்டேனான்னு கேக்கறீங்களா? ஒரு தடவை கூப்பிட்டேன். "ஏ பூவு, டீ குடிச்சுட்டு வந்துரு"ன்னேன். திரும்பலை. ரெண்டாவது தடவை நான் எதுக்குக் கூப்பிடணும்? இறங்கிப் போனது அவ.

அன்னிக்கு ராத்திரியே பேட்டரி படுத்துருச்சு. ஃபேன் இழுத்து இழுத்து நின்னு போச்சு. எனக்குன்னா பரவாயில்லை, லாரிக்கு அடியில படுத்த ஒடம்பு. ஆனா அங்க இருந்து பாக்கறா இல்லீங்களா? வண்டி இருட்டாக் கிடந்தா என்ன நினைப்பா? ஜீப்பு பேட்டரியைக் கழட்டி இங்க மாட்டிட்டேன். அடுத்த நாளு ராத்திரி லைட்டு எரிஞ்சுது, ஃபேன் ஓடுச்சு. கதவைத் திறந்து போட்டு வெச்சேன், அவளுக்கு நேராத் தெரியற மாதிரி. இப்பவும் அப்படித்தான். பகல் பூரா ஏத்தறேன், ராத்திரி பூரா ஓட்டறேன். நான் வெளியிலதான் படுத்துக்கறேன், உள்ளார வேகும். ஃபேன் பாட்டுக்கு ஓடும்.

அதனால ஜீப்பு கிளம்பாது. காலைல பேட்டரியைத் தூக்கிப் போயி மாட்டினா, சாவியைத் திருப்பறப்ப ஒரு முனகல், அவ்வளவுதான். அரை குறையா ஏறின பேட்டரில ஃபேன் ஓடும், டீசல் எஞ்சினை உதைக்க முடியுங்களா?

என்னங்க? ஒரு ரெண்டு ராத்திரி ஃபேன் போடாம விட்டா பேட்டரி நல்லா ஏறிருமா? அது எனக்குத் தெரியாதுங்களா? லாரிக்காரனுக்கே பேட்டரியைப் பத்திச் சொல்றீங்க நீங்களும். ஃபேனை நிறுத்தினா அவ ஜெயிச்சதா ஆயிரும் தம்பி. சோலாரு வேலை செய்யலைன்னு ஆயிரும். ஈரோட்டுப் பையன் சொன்னது சரின்னு ஆயிரும்.

கிடக்கறதும் சும்மா கிடக்க முடியலை. புழுதி படிஞ்சா ஏறி நின்னு பேனலைத் துடைக்கணும். குரங்கு வந்து குதிக்குது. ராத்திரில எவனாச்சும் கழட்டிட்டுப் போயிருவானான்னு பாக்கணும். பத்த வெச்சதுதான், இருந்தாலும் பாக்கணும். மூத்திரத்துக்குப் போனாக்கூட வண்டி கண்ணுல படற தூரத்துலதான் போறது. நெம்பக் கஷ்டங்க.

ராக்கம்மா மட்டும் வருவா. மத்தியானம் தூக்குல சோறு கொண்டாருவா. பூவாத்தா ஆக்கினது. ராக்கம்மா வீட்டு அடுப்புல ஆக்கினாலும் எனக்குத் தெரியும், அந்தப் புளிப்பு அவ கைப்புளிப்பு. கோவமா இருக்கறவ சோறு அனுப்புவாளா? விலைல இறங்கிட்டு இருக்கான்னு அர்த்தம். நானும் ராக்கம்மா கிட்டச் சொல்லி அனுப்பினேன், பாதிக்குப் பாதி பேசிக்கலாம், வண்டி கிளம்பினதும் முன்பக்கம் நிழல்ல, பின்பக்கம் வெயில்ல நிறுத்திக்கறேன்னு. ராக்கம்மா போயிட்டு வந்து, "அக்கா ஒண்ணுஞ் சொல்லலண்ணே, சிரிச்சாக. ஏண்ணே, அந்தா அம்புட்டு நிழலு கெடக்கு, நீங்க ஏண்ணே இப்பிடி வெயில்ல கெடந்து வேகுறீக? வண்டி வரலேன்னா நீங்க மட்டும் வாங்களேன்"ங்கறா.

நான் மட்டும் எப்படிப் போறது? வண்டி?

மறுநாளு இன்னும் இறங்கினேன். காலைல வெயிலு, மத்தியானத்துக்கு மேல நிழலுன்னு சொல்லி அனுப்பினேன். அதுக்கும் சிரிப்பு. ஒரே விலைல நிக்கறா. பேரமே பேச மாட்டேங்கறா. எதிராளி வாயைத் திறந்தாத்தானே தம்பி பேரம்?

என்னது, உங்க வண்டில கேபிள் இருக்குதா? உங்க பேட்டரில இருந்து கொக்கி போட்டு ஜீப்பைக் கிளப்பித் தர்றீங்களா?

எவ்வளவு?

அட, எவ்வளவுன்னு கேட்டேன். சும்மாவா? சும்மான்னா? சும்மா எதுக்குச் செய்வீங்க? கோவிச்சுக்காதீங்க, நான் வெளிப்படையாப் பேசற ஆளு. உங்களுக்கு இதுல என்ன இருக்குது? ஒரு விலை சொல்லுங்க. நீங்க ஒண்ணு சொல்லுங்க, நான் ஒண்ணு சொல்றேன், நடுவுல முடிச்சுக்கலாம். சும்மா செய்யறேன்னா எனக்குப் பிடி கிடைக்க மாட்டேங்குது. கேபிளை எடுத்து வெளிய வேணா வைங்க. ரோசிச்சுச் சொல்றேன். கிளப்பினா அப்புறம் எங்க கொண்டு போயி நிறுத்தறதுன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா. கிளம்பாம நிக்கற வரைக்கும், கிளம்பலை, அதனால நிக்குதுன்னு சொல்லலாம்.

இன்னொண்ணு சொல்லட்டுங்களா? காலைல ராக்கம்மா வந்து, "அக்கா இன்னைக்கு பஸ் ஏறப் போறாகளாம்ணே"ன்னு சொல்லிட்டுப் போனா. அதுல இருந்து மனசு சரியில்லை. சோறு இறங்கலை. மதுரை பஸ்ஸு அந்தப் பக்கம்தான் நிக்கும், அவ உக்காந்திருக்கற எடத்துக்கு நேரா. கையைக் காட்டினாப் போதும். ஊருக்குப் போயி உக்காந்துட்டான்னா அப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் போறது? கடல் பாக்கக் கூட்டிட்டுப் போனானாம், பாதி வழில பொண்டாட்டி பஸ் ஏறி வந்துட்டாளாம்னு பட்டறை பூரா சிரிக்கும். காலைல இருந்து ரெண்டு மதுரை பஸ்ஸு போச்சு. ரெண்டுலயும் ஏறலை. ஏறலை பாத்தீங்களா? வாய்தான். இந்த வெயிலுக்கு நான் அசைய மாட்டேன்னு தெரிஞ்சு போச்சு அவளுக்கு.

இருங்க. எந்திரிக்கறா.

பையை எடுக்கறா தம்பி. ராக்கம்மா கையைப் பிடிச்சு என்னமோ சொல்றா. நுங்கு குடுக்கறா ராக்கம்மா, ஓலைல கட்டி. மதுரை போற பஸ் எதுவும் வரலியே, எதுக்கு எந்திரிச்சா? நீங்க பாருங்க, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். வருதா? இல்லையா?

ரோட்டைத் தாண்டறா! பாத்தீங்களா? இக்கட்டால வர்றா! நான் சொல்லலை? இத்தனை நாளு பொறுத்திருந்ததுக்கு என்ன ஆச்சு பாத்தீங்களா? நான் ரெண்டாவது தடவை கூப்பிடவே இல்லை. கூப்பிடாமலே வர்றா. கேபிளைச் சுருட்டி வைங்க தம்பி, அதெல்லாம் வேண்டாம். எந்திரிச்சு நில்லுங்க, கொஞ்சம் வழி விடுங்க. அந்த ஃபேன் சுவிட்சு... சரி, அப்புறம் போடறேன்.

ஏ பூவு. வந்துட்டியா? கதவு திறந்துதான் கிடக்குது. ஏறு. ஏன் அங்கயே நின்னுட்டே?

என்னது?

தம்பி, கேட்டீங்களா? ராமேஸ்வரம் பஸ்ஸு இந்தப் பக்கம்தான் நிக்குமாம். அதுக்குத் தாண்டி வந்தாளாம். கடல் பாக்கப் போறாளாம். பொழுது சாயறதுக்குள்ள போயிச் சேந்துருவாளாம். "நீங்களும் வர்றீங்களா?"ன்னு கேக்கறா. குரல்ல கோவமே இல்லை பாருங்க. பக்கத்து வீட்டுக்காரிய கோயிலுக்குக் கூப்பிடற மாதிரி கேக்கறா.

எப்படிப் புள்ள வர்றது? வண்டியை யாரு பாக்கறது? பேனலை யாரு பாக்கறது?

நீங்களா? நீங்க பாத்துக்கறீங்களா தம்பி? நாளைக்கு வர்ற வரைக்குமா? உங்களை எனக்கு இப்பத்தானே தெரியும். அதுவும் சும்மாவா? இல்லீங்க, அது சரிப்படாது. நீங்க பேசாம இருங்க.

ஏ பூவு, இரு. பஸ்ஸு தூரத்துலதான் வருது, இரு. நாளைக்கு ஒட்டுக்காப் போலாம். இந்தத் தம்பி ஜீப்பைக் கிளப்பித் தர்றேங்கறாரு. முக்கால் நிழல்! கேட்டுதா? முக்கால் நிழல்ல நிறுத்தறேன். கையை எதுக்குக் காட்டறே, கீழ போடு. சரி, மத்தியானத்துக்கு மேல முழு நிழல்! பகல் பூரா நிழல், காலைல மட்டும் செத்த நேரம் வெயிலு! ஏ, பூவு!

ஏறிட்டா.

ஜன்னல் ஓரமா உக்காந்திருக்கா, தெரியுதுங்களா? நம்ம பக்கந்தான். பாக்கலை. நேரா முன்னாடி பாத்துட்டுப் போறா. கடையை விட்டு இறங்கினாத் திரும்பிப் பாக்கப்படாது, சரிதான், நான் சொல்லிக் குடுத்ததுதான். ஆனா ரோட்டைத் தாண்டி நம்ம கடைக்கு வர்ற மாதிரியே வந்து, வாசல்ல நின்னு, நீயும் வர்றியான்னு கேட்டுட்டுப் போறது... அதை நான் சொல்லிக் குடுக்கலீங்களே தம்பி.

வருவா. கடலை எத்தனை நேரம் பாக்க முடியும்? தண்ணிதானே?

ராத்திரி பஸ்ஸு இங்க நிக்கும்னு ராக்கம்மா சொல்லியிருக்கா. இறங்கறவ இருட்டுல வண்டி எங்க நிக்குதுன்னு தெரியாமத் தடுமாறக் கூடாதில்லீங்களா. லைட்டைப் போடணும். ஃபேனையும் இப்பவே போட்டு வெச்சிர்றேன், வர்றதுக்குள்ள உள்ளார கொஞ்சம் ஆறட்டும்.

கேபிளைச் சுருட்டிட்டீங்களா? வண்டி ஆறிருச்சுங்களா? சரி, கிளம்புங்க. அட, ஒரே ஒரு நிமிசம் இருங்க தம்பி. உள்ள வந்து அந்தக் கட்டில்ல உக்காந்து பாத்துட்டுப் போங்க. ஃபேன் நல்லாத்தான் ஓடுது. காத்து எப்படி வருதுன்னு யாராச்சும் ஒருத்தர் உக்காந்து பாத்துச் சொல்லணுமில்லீங்களா.